பூட்டிய அறைக்கு வெளியே புவனேஸ்வரி

அன்று காலை நளீம் வெறுங்கையோடு வந்தார். கிண்ணியாப் பாதைப் படகில் துறை கடந்து, பஸ் பிடித்து, துறைமுகத்தடித் தேநீர்க் கடைக்கு அவர் வந்து சேரும்போது கக்கத்தில் ஒரு சஞ்சிகை சுருட்டியபடி இருப்பதுதான் வழக்கம். அவருடைய மச்சான் கப்பல்களுக்கு மரக்கறி ஏற்றுபவர். கப்பலின் வயர்லெஸ் அறைக்காரர்கள் வாசித்துவிட்டு எறியும் கொம்பியூட்டர் சஞ்சிகைகளைப் பொறுக்கி வந்து இவரிடம் கொடுப்பார். அன்று அது இல்லை. நளீம் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, தேத்தண்ணி வேண்டாமென்று கடைக்காரருக்குக் கைகாட்டிவிட்டு, "மிஸ் மோசம் போயிட்டாங்களாம். கிளிவெட்டி ஆக்கள் துறையடியில சொன்னாங்க" என்றார்.

சிறுநீரக வருத்தத்தோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்த புவனேஸ்வரியை, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று சொன்ன பிறகு, கிளிவெட்டியில் பிறந்த வீட்டுக்கே கொண்டுபோயிருந்தார்கள். ஆகவே சாவுச் செய்தி எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அதன் பிறகு நடந்தது. எங்கள் கம்பனி அவரைப் புகழத் தொடங்கியது.

முப்பத்தோராம் நாள் கம்பனி செலவில் ஒரு நினைவு மலர் அச்சாகி வந்தது. முன்பக்கத்தில் புவனேஸ்வரி பட்டுச்சேலையோடு கொம்பியூட்டரின் முன்னால் அமர்ந்து சிரிக்கிறார். கீழே 'எமது கணனிச் சிற்பி' என்று போட்டிருக்கிறது. அதைக் கையில் வாங்கியதும் எனக்கு எறிந்துவிடத் தோன்றியது. ஓர் அஞ்சலியில் இப்படி எழுதுவது முறையல்ல என்று தெரியும். முறையாக ஒன்று எழுதிக் கொடுத்தேன், மனேஜர் அதைப் போடவில்லை. அதனால் அவரை அறிந்த உங்களுக்கு முறைகெட்டே எழுதுகிறேன்.

கப்பலில் வரும் சரக்கை இறக்கிக் களஞ்சியங்களில் அடுக்கி வைப்பது எங்கள் கம்பனியின் தொழில். எந்தக் களஞ்சியத்தில் எது கிடக்கிறது என்று சொல்லும் புரோகிராம்களை நாங்கள் மூன்று பேர் எழுதினோம்: புவனேஸ்வரி, நளீம், நான். கொம்பியூட்டரோ கொழும்பில் இருந்தது. நாங்கள் தாளில் எழுதுவதைத் துளை அட்டைகளாக்கிப் பெட்டியில் கட்டி இரவு மெயில் ரயிலில் அனுப்புவார்கள். ஒரு கிழமை கழித்து விடை வரும். பெரும்பாலும் விடை வராது, பிழைதான் வரும். நாங்கள் மூவரும் எங்கள் இயந்திரத்தைத் தொட்டதில்லை என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். பயிற்சிக்குப் போன காலத்தில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அதைப் பார்த்ததோடு சரி.

இந்தக் கேவலத்துக்குப் புவனேஸ்வரி ஒரு வழி கண்டுபிடித்தார். கொழும்புக்கு அனுப்புமுன் அவரே இயந்திரமாகிவிடுவார். கதிரையில் நிமிர்ந்திருந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எங்களை வரி வரியாக வாசிக்கச் சொல்வார். அவர் வாயிலிருந்து "பிறகு?" என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் வராது. ஒருமுறை நளீம் சீமெந்து மூட்டைகளை எண்ணும் புரோகிராம் ஒன்றை எழுதி வந்தார். மொத்தத்தோடு ஒன்றைக் கூட்டு என்று வாசித்ததும் புவனேஸ்வரி நிறுத்திவிட்டார். தொடக்கத்தில் மொத்தத்துக்குப் பூச்சியம் வைக்க நளீம் மறந்திருந்தார். அதைச் சொல்லிக் கொடுக்காமல், "மொத்தம் எண்டு சொல்லுறீங்கள். அதுக்குள்ள என்ன இருக்கு? நீங்கள் ஒண்டும் வைக்கேல்லையே" என்று மட்டும் கேட்டார். அது சும்மா பூச்சியம்தானே மிஸ் என்று நளீம் சமாளித்துப் பார்த்தார். "மெஷின் சும்மா எண்டு நினைக்காது. எழுதினதை வாசிக்கும்" என்றார். அதன் பிறகு அந்தக் கேள்விக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக எழுதினோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தேநீர்க் கடையில் எங்கள் செய்திக் கூட்டம் நடக்கும். நளீம் சஞ்சிகையை விரித்து வாசிப்பார். நகத்தளவு துண்டுக்குள் முழுக் கொம்பியூட்டரையும் அடக்கிவிட்டார்களாம். கட்டங்களில் இலக்கங்களைப் போட்டால் தானே கூட்டிக் கழித்துக் காட்டும் புரோகிராம் ஒன்று கடைகளில் விற்கிறதாம். இனிப் புரோகிராமர்களே தேவையில்லை, மனேஜர்மார் தாங்களே பேச்சுவழக்கில் சொல்ல இயந்திரம் எழுதிக்கொள்ளுமாம். வாசிக்க வாசிக்க நளீமின் முகம் மலரும். புவனேஸ்வரியின் முகம் சுளிக்கும். "இது செய்தியில்லை, கலியாணத் தரகரின்ர கதை" என்பார். விரைவில் எல்லா வீடுகளுக்கும் வரும் என்று ஒரு சஞ்சிகை எழுதியிருந்தபோது, விரைவில் என்றால் எந்தக் கப்பலில் என்று கேட்டு நளீமின் வாயை அடைத்தார். மனேஜர்மார் தாங்களே புரோகிராம் சொல்லும் காலம் வருமென்பதை அவர் நம்பினார். அந்தப் புரோகிராம்களை யார் திருத்துவது என்பதுதான் அவருடைய கவலை.

ஆனால் ஒரு செய்தியை மட்டும் அவர் திரும்ப வாசிக்கச் சொன்னார். சின்னதாக ஒரு கொம்பியூட்டர், தொலைக்காட்சி போல ஒரு திரை, கீழே தட்டச்சு விசைகள். தட்டியதில் பிழை இருந்தால் அந்தக் கணமே திரையில் காட்டுமாம். புவனேஸ்வரி முகம் சுளிக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரமுடியுமா என்று நளீமிடம் கேட்டார். "உடனே காட்டுமெண்டால், என்னை நான் உடனே திருத்திப்போடுவன்" என்றார். அவர் தனக்கென்று எதையும் ஆசைப்பட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அதற்குப் பிறகு புரோகிராம் எழுதும்போதெல்லாம் அந்தத் திரையை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதினார் என்று நினைக்கிறேன்.

அப்படியொரு இயந்திரம் எங்கள் கம்பனிக்கு வந்தது. உலகத்துக் கப்பலெல்லாம் வந்து நிற்கும் துறைமுகத்தில் இருக்கும் எங்களுக்கு அது கொழும்பிலிருந்து லொறியில், புழுதி குடித்துக்கொண்டு வந்தது. வரவேற்பைப் பார்த்திருக்கவேண்டும். ஓர் அறைக்குக் குளிரூட்டி பூட்டி, திரைச்சீலை போட்டு, சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். ஐயர் வந்து பூசை செய்து, கண்ணாடித் திரையில் மூன்று சந்தனப் பொட்டு வைத்தார். மனேஜர் கதிரையில் அமர்ந்து மாலையோடு படம் எடுத்தார். புவனேஸ்வரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வடையும் தேத்தண்ணியும் முடிந்து எல்லோரும் போன பிறகும் நின்றார். அப்போதுதான் மனேஜர் கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

அடுத்த நாள் எங்களுக்கு ஒழுங்குகள் சொல்லப்பட்டன. ஆட்கள் போய்வந்தால் தூசி படியும், ஆகவே உள்ளே போகக்கூடாது. நாங்கள் முன்போலத் தாளிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். மனேஜரின் மைத்துனர் கொழும்பில் ஆறு கிழமை படித்து வந்திருக்கிறார், அவர் தட்டுவார். நாங்கள் எழுதிக் கொடுத்தோம். எங்கள் மேசைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தாள் அங்கே போய்ப் பிழையோடு திரும்பி வர ஒரு கிழமை எடுத்தது. இரவு மெயிலாவது நேரத்துக்கு ஓடியது.

அந்த ஒரு கிழமையும் உள்ளே என்ன நடந்தது என்று சொல்கிறேன். மைத்துனர் நிலவில் விண்கலம் இறக்கும் விளையாட்டை விளையாடினார். விருந்தினர் வந்தால் அவர்களுடைய பெயரை நட்சத்திரக் குறிகளால் பெரிதாக அடித்துக் கொடுத்தார். சீனன்குடாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பெரிய மனிதர்கள் வந்து, தங்கள் பெயரைத் தாங்களே வாசித்து ஆச்சரியப்பட்டு, தாளைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். களஞ்சியத்தில் எது எங்கே கிடக்கிறது என்பதை மட்டும் யாரும் அதனிடம் கேட்கவில்லை. அந்தத் தாள்களைக் காணும்போதெல்லாம் எனக்கு வரும் அருவருப்பு இன்னும் போகவில்லை.

புவனேஸ்வரி சும்மா இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மனேஜரின் அறைக்குப் போய், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகாவது ஒரு மணித்தியாலம் தாருங்கள் என்று கேட்டார். எழுதிய ஆளே தட்டினால் ஒரு கிழமை வேலை ஒரு நாளில் முடியும் என்று விளங்கப்படுத்தினார். மனேஜர் கோபிக்கவில்லை. அவர் எப்போதும் இனிமையானவர். "அந்தக் குளிருக்குள்ள இருந்து நீங்கள் ஏன் கஷ்டப்படவேணும், மிஸ்?" என்று கேட்டு அனுப்பிவிடுவார். நாங்களும் கூட வருகிறோம் என்றோம். புவனேஸ்வரி வேண்டாமென்றார். மூன்று பேர் போனால் சங்கம், ஒருவர் போனால் விண்ணப்பம் என்பார். விண்ணப்பத்துக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

ஒரேயொரு நாள் அவர் அந்த அறைக்குள் போனார். கம்பனியின் விளம்பரப் புத்தகத்துக்குப் படம் தேவைப்பட்டது. கொம்பியூட்டரின் முன்னால் ஒரு பெண் இருந்தால் நவீனமாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனேஜர் வந்து, நாளைக்குப் பட்டுச்சேலை உடுத்து வாருங்கள் என்றார். மறுநாள் படம் பிடிப்பவர் வந்த நேரத்தில் கரண்ட் இல்லை. பரவாயில்லை, என்னிடம் வெளிச்சம் இருக்கிறது என்றார் அவர். நளீமும் நானும் வாசலில் நின்றோம். "விசைகளில கையை வையுங்கோ, மிஸ். சிரியுங்கோ" என்றார் மனேஜர். புவனேஸ்வரி கையை வைத்தார். விரல்கள் தாமாகவே ஓடத் தொடங்கின. படம் பிடிப்பவர் போதும் என்ற பிறகும் அவை நிற்கவில்லை. ஒரு வரி, பிறகு அடுத்த வரி என்று அந்த இருண்ட கண்ணாடியைப் பார்த்துத் தட்டிக்கொண்டேயிருந்தார். மனேஜர் மெல்ல இருமினார். புவனேஸ்வரி எழுந்து வெளியே வந்தார்.

தேநீர்க் கடையில் என்ன தட்டினீர்கள் என்று கேட்டேன். "களஞ்சியப் புரோகிராம்தான். பிழை இருந்தாலும் காட்டியிராது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபத்தை ஒருநாளும் மறைக்காத மனிதர் அன்று கோபப்படக்கூட இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மைத்துனரை நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். நளீம் என் கையைப் பிடித்து இருத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவரைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது நளீம் ஒரு சஞ்சிகை கொண்டுவந்திருந்தார். உடம்பு ஊதி, கண் திறக்கச் சிரமப்பட்டுக் கிடந்த புவனேஸ்வரி, இந்த முறை என்ன புளுகு என்று கேட்டார். கைப்பிடி வைத்த பெட்டி மாதிரி ஒரு கொம்பியூட்டர் வந்திருக்கிறது, எங்கேயும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நளீம் வாசித்தார். தரகர் கதை என்று சொல்வாரென்று காத்திருந்தோம். அவர் கண்ணைத் திறந்து நளீமைப் பார்த்தார். பிறகு, "தூக்கிக்கொண்டு போகலாமெண்டால் பூட்டி வைக்க ஏலாது. இதை நம்புறன்" என்றார். நளீம் சஞ்சிகையை மூடிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலர் வந்த அன்று மனேஜர் என்னைக் கூப்பிட்டு, படம் நன்றாக வந்திருக்கிறது, என்ன, என்று கேட்டார். உள்ளே ஒரு வரி இருந்தது: 'எமது கணனியை இயக்கிய கரங்கள் ஓய்ந்தன.' அதில் விரலை வைத்தேன்.

"இதுக்குள்ள என்ன இருக்கு, சேர்? நீங்கள் ஒண்டும் வைக்கேல்லையே."

அவருக்கு விளங்கவில்லை. ஏதாவது பக்கம் வெறுமையாக அச்சாகிவிட்டதோ என்று மலரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

புவனேஸ்வரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்விதான். நளீம் கொண்டுவரும் செய்திகளிடமும், கம்பனிக்காரர் மேடையில் பேசும் பேச்சுகளிடமும் இப்போது நான் அதைத்தான் கேட்கிறேன். அதனால் எனக்கு நண்பர்கள் குறைந்திருக்கிறார்கள்.

அந்த மலர் உங்களில் பலருடைய வீட்டிலும் இருக்கும். எறிந்துவிடாதீர்கள். பட்டுச்சேலையையும் சிரிப்பையும் விட்டுவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும் திரையை ஒருமுறை பாருங்கள். அது கறுப்பாக இருக்கிறது.