அக்காவின் சிரிப்புக்கு ஒரு காகிதம்

அந்த வட்டாரத்தில் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர். டாக்டர் இல்லை, டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செட் செய்கிறவர். வெள்ளையைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்தால் லேசில் விடமாட்டார். பாலில் ஒரு வெள்ளை, தயிரில் ஒரு வெள்ளை, தேய்ந்த சோப்பில் ஒரு வெள்ளை என்று ஆரம்பித்தால் கேட்பவர் வாசலைப் பார்க்க வேண்டியதுதான்.

அப்படிப்பட்டவர் ஒரு வெள்ளைக் காகிதத்தில் கோட்டை விட்டார்.

அவருடைய அக்கா இளம் வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்து முன்பற்களைப் பறிகொடுத்தவள். அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மூடிக்கொள்ளும். கல்யாணப் போட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு, யார்மேலோ கோபமாக இருப்பவள்போல நிற்பாள். எங்கெங்கோ செய்த செட்டெல்லாம் உறுத்துகிறது என்று டப்பாவில் தூங்கின. கடைசியில் தம்பியே ஒன்று செய்து கொடுத்தார். சின்ன வயதில் அவளுடைய முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறியிருக்கும். அதை நினைவு வைத்து, அந்தப் பல்லை மட்டும் கொஞ்சம் கோணலாகவே வைத்தார். அவளிடம் சொல்லவில்லை.

செட் பொருந்திவிட்டது. கைதான் பழக்கத்தை விடவில்லை. ஒரு நாள் பேரன் அவளுடைய கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு வந்து நின்றான். அக்காவின் இரண்டு கையிலும் துவைத்த துணி. மறைக்கக் கையில்லாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தம்பி சட்டென்று போனில் எடுத்துக்கொண்டார். இந்தப் படத்தை அவள் பார்த்தால் போதும், அந்தக் கை இறங்கிவிடும் என்று நம்பினார்.

சாயங்காலம், கூடத்து மஞ்சள் பல்பின் கீழே உட்கார்ந்து, இருந்ததிலேயே பளபளப்பான தாளாகப் பொறுக்கி, வீட்டுப் பிரிண்டரில் அச்சடித்தார். படம் ஜோராக இருந்தது. மறுநாள் காலை அக்கா வீட்டு வாசலில் நின்று கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. "பல்லு மட்டும் யாரோடதோ மாதிரி இருக்குடா." கை மறுபடியும் வாய்க்குப் போனது.

வெயிலில் படத்தைப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாள் நீலம் போட்டு அலசிய துணிபோல வெளிறி மின்னியது. பற்கள் இருந்த இடத்தில் ஒரே வெள்ளைப் பட்டை. கோணல் பல் இருந்த சுவடே இல்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "பல்லுக்கு நிறம் பாக்கணும்னா லைட்டை அணைச்சு, ஜன்னலைத் தொறந்து, என்னையும் நகரச் சொல்லி அவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணுவீங்க. பேப்பருக்கு மட்டும் பல்பு வெளிச்சம் போதுமா?"

அவர் பட்டறையிலிருந்து நிறத்துக்கு ஒன்றாக மாதிரிப் பற்களைக் கோர்த்த பட்டையை எடுத்துக்கொண்டு காகிதக் கடைக்குப் போனார். ஒவ்வொரு தாளையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அக்காவுக்குப் போட்ட நிறத்துப் பல்லை அதன்மேல் வைத்து வைத்துப் பார்த்தார்.

"என்ன சார், பேப்பருக்குப் பல்லு முளைக்குதா?" என்றார் கடைக்காரர்.

"முளைக்கணுங்க. அதுக்குத்தான் இந்தப் பாடு."

பளபளத்ததெல்லாம் கழிந்தது. கடைசியில் தேறியது, மினுக்கே இல்லாத, பாலாடை நிறம் காட்டும் ஒரு மேட் தாள். பார்க்கச் சப்பென்று இருந்தது. அதில் அச்சடித்து, காயும்வரை யாரையும் கிட்டே விடாமல் காவல் இருந்தார்.

இந்தத் தடவை அக்கா படத்தை ஜன்னலோரம் எடுத்துப்போனாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். இப்போதும் கை வாய்க்குப் போனால் இனி இறங்கவே இறங்காது என்று பல்லுக்காரர் பயந்தார்.

அவள் கை உயர்ந்தது. விரல் படத்தில் அந்த முன்பல்லின்மேல் வந்து நின்றது.

"இதைப் பாத்தியாடா, என் கோணப் பல்லு! சின்ன வயசுலேர்ந்து அப்படியே இருக்கு. நாக்கால தள்ளாதேன்னு அம்மா எவ்வளவு திட்டுவாங்க!" சொல்லிவிட்டு அவரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

அந்தப் பல்லை அரத்தால் ராவி ராவிக் கோணலாக்கியவர், "ஆமாக்கா, முளைக்கிறப்பவே அப்படித்தான்," என்றார்.