கோகிலவாணி டாக்டரும் என் கடை நுரையீரலும்

கிழக்குத் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஜமால் பாய் கறிக்கடை எது என்று யாரைக் கேட்டாலும் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன காலம் ஒன்று இருந்தது. நான்தான் அந்த ஜமால். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டவன். அடுத்தவன் கடையில் தோல் உரித்துக் கூலி வாங்கி, பிறகு சொந்தக் கடை, அப்புறம் சேலையூரில் இன்னொரு கடை என்று யார் தயவும் இல்லாமல் வளர்ந்தவன். ஆட்டின் விலாவில் கையை வைத்தால் கறி எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவேன். தராசு வேண்டுமானால் அப்புறம் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது கடைகளை மகன் பார்த்துக்கொள்கிறான். பழசை நினைத்துப் பார்க்க எனக்கு நேரம் கிடைக்கிறது. நினைக்க உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பவர் டாக்டர் கோகிலவாணி. அவரைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அவர் மாடம்பாக்கம் துளசிங்கம் அண்ணனின் மகள். அண்ணன் ஏரித்தண்ணீரில் நெல் போட்டவர். வயல்கள் மனைகளாகிப் போன பிறகு வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக ஞாயிறு தவறாமல் என் கடைக்கு வருவார். தொடைக்கறிதான் கேட்பார். மகளோ கறியே சாப்பிடாத பெண். "எனக்குப் பொறந்தது முட்டைகூட துண்ண மாட்டேங்குது பாய்" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். அந்தப் பெண் ஸ்கூட்டியை என் கடை முன்னால் நிறுத்தினார். கையில் கருப்புப் பை, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை.

"பாய், எனக்கு ஆட்டு நுரையீரல் வேணும்."

"இன்னா டாக்டரம்மா, அப்பாவுக்கா? வறுவலா, குழம்பா?"

"சமைக்க இல்ல பாய். மூச்சு விட வைக்க."

கடையில் நின்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர் எதற்கு வாங்கினால் எனக்கென்ன? ஆனால் அவர் விளக்கிச் சொன்ன பிறகு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அவருக்கு ஓர் ஆராய்ச்சி அறை கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு கண்ணாடிப் பெட்டி. வெட்டியெடுத்த நுரையீரலை அதற்குள் வைத்து, ரத்தக்குழாயில் வெதுவெதுப்பான மருந்து நீரை ஓட்டி, மூச்சுக்குழலில் காற்றை விட்டால், உடம்புக்கு வெளியிலேயே அது மூச்சு வாங்கும். விபத்தில் செத்தவரின் நுரையீரலை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவதற்குள் அது தண்ணீர் கோத்துக் கெட்டுப்போகிறதாம். கெடாமல் வைத்துக்கொள்ள வழி தேடுவதுதான் அவர் வேலை. ஆட்டில் ஜெயித்தால்தான் அடுத்த படி.

"வார்டுல வேலை பாத்தப்ப பெருங்களத்தூர் பூக்காரம்மா ஒருத்தங்க ஜுரத்தோட வந்தாங்க பாய். நல்லாப் பேசிட்டு இருந்தவங்க. நாலே நாள்ல நுரையீரல் முழுக்கத் தண்ணி. நானும் பக்கத்துலயே நின்னேன். நின்னு என்ன பண்ண?" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

என் தொழிலில் அறுத்தால் மூச்சுக்குழலும் சேர்ந்து அறுபடும். அது எங்கள் முறை, அதை மாற்ற முடியாது. ஆனால் அந்த வழியாக ரத்தம் உள்ளே ஏறினால் நுரையீரல் வீணாகிவிடும் என்றார் டாக்டரம்மா. பிஸ்மில்லா சொல்லி அறுத்த கையோடு குழலின் கீழ்முனையை விரலால் பிடித்து, நூலால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். அதை இரண்டாம் நாளே என் கை பழகிவிட்டது. செங்கல்பட்டு ஜில்லாவில் வேறெந்தக் கசாப்புக்காரன் இதைச் செய்திருப்பான், சொல்லுங்கள்! கட்டியதை உள்ளே அனுப்பிவிட்டு நான் வியாபாரத்துக்கு வந்துவிடுவேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. என் மனைவி அக்தர் பேகம் அதை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுப்பாள். நானே மாருதி வேனில் எடுத்துக்கொண்டு போவேன்.

அந்த ஜி.எஸ்.டி. சாலைப் பயணத்தை நினைத்தால் இன்றும் மனசு குளிர்கிறது. வண்டலூர் தாண்டினால் காலை வெயில் ஏரித்தண்ணீரில் படுத்துக் கிடக்கும். கூடுவாஞ்சேரியில் டீக்கு நிறுத்த ஆசை வரும். பக்கத்து சீட்டில் ஆட்டின் உயிர் மிச்சம் உட்கார்ந்திருக்கும்போது டீ ஒரு கேடா என்று ஓட்டிக்கொண்டே போய்விடுவேன்.

ஆனால் வேலை நடக்கவில்லை. வைத்த நுரையீரல் எல்லாம் கொஞ்ச நேரத்தில் கனத்து, கல்லாகி, குழல் வழியே நுரை தள்ளியது. மாதக்கணக்கில் இதே கதை. டாக்டரம்மா மருந்து நீரை மாற்றினார், பம்பை மாற்றினார், சூட்டைக் கூட்டிக் குறைத்தார். இதற்கு நடுவில், இந்த ஆராய்ச்சி தேறுமா என்று பார்க்க டெல்லியிலிருந்து மூன்று பேர் வரப்போவதாகச் செய்தி வந்தது. அவர்கள் முன்னால் ஒரு நுரையீரலாவது பொழுது சாயும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அறை வேறொருவருக்கு. டாக்டரம்மா பழையபடி இருமலுக்கும் சளிக்கும் சீட்டு எழுதப் போக வேண்டியதுதான்.

துளசிங்கம் அண்ணனுக்கு அதில் சந்தோஷம்தான். "ஊர்ல இருக்கற டாக்டரெல்லாம் ஜனத்துக்கு வைத்தியம் பாக்குது. எம் பொண்ணு செத்த ஆட்டுக்குப் பாக்குது. மூடிட்டு வந்தா ராஜகீழ்ப்பாக்கத்துல ஒரு க்ளினிக் கட்டித் தந்துடுவேன்" என்று என் கடையிலேயே நின்று சொன்னார்.

அந்த வாரம்தான் எனக்கும் டாக்டரம்மாவுக்கும் முட்டிக்கொண்டது.

"பாய், ஒருவேளை ஆடுங்களுக்கே நெஞ்சுல ஏதாவது வியாதி இருக்குமோ?"

"இன்னாது? ஜமால் கடை ஆட்டுக்கு வியாதியா? சந்தையில ஒவ்வொண்ணா வாயத் தொறந்து பாத்து வாங்கறவன் நானு! உங்க பொட்டிக்கு வியாதியான்னு பாருங்க மொதல்ல!"

"கோச்சுக்காதீங்க. நாளைக்கு நானே வரேன். அறுக்கறதுலேர்ந்து பெட்டில வைக்கற வரைக்கும் கூடவே இருந்து பாக்கறேன்."

"வாங்க. கண்ணால பாருங்க."

மறுநாள் விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்து வந்தால், கறி சாப்பிடாத அந்தப் பெண் அறுக்கும் இடத்தில் வந்து நிற்கிறார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண்ணைத் திருப்பவில்லை. அறுத்தேன், பிடித்தேன், கட்டினேன். "சூப்பர் பாய், ஒரு சொட்டு ஏறல" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நுரையீரலைப் பாத்திரத்தில் வைத்து வீட்டுக்குள் அனுப்பினேன். அவரும் பின்னாலேயே போனார்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து "அக்கா!" என்று ஒரு கத்தல். கத்தியோடு ஓடினேன்.

பின்கட்டில் தண்ணீர்க் குழாய். அதன் வாயில் மூச்சுக்குழலை மாட்டி, என் பேகம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள். நான் கட்டிய நூலை அவிழ்த்துப் பத்திரமாகத் தோளில் போட்டிருந்தாள். நுரையீரல் வெள்ளைத் தலையணை போல உப்பிக்கொண்டிருந்தது. எங்கள் வீடுகளில் நுரையீரலை அப்படித்தான் கழுவுவது. நிரப்பி, பிழிந்து, மறுபடி நிரப்பி, சிவப்பு போய் வெளுக்கும் வரை.

"அக்கா, இன்னா பண்றீங்க?" டாக்டரம்மாவுக்கே எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"கழுவறேன் கண்ணு."

"எவ்ளோ நாளா?"

"மொத நாள்லேர்ந்துதான். படிச்ச பொண்ணு உனக்குப் போயி ரத்தமும் சளியுமா அனுப்புவனா? கழுவிப் பிழிஞ்சு, திரும்ப அதே மாதிரி நூலக் கட்டித்தான் அனுப்புவேன்."

டாக்டரம்மா துணி துவைக்கும் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தண்ணி எங்கேர்ந்து வருது, எங்கேர்ந்து வருதுன்னு மாசக்கணக்கா தேடிகினு கீறேன் அக்கா. மருந்த மாத்தினேன், பம்ப மாத்தினேன், பாயோட ஆட்டையே குத்தம் சொன்னேன்…"

"ஆட்டச் சொன்னீங்களே! ஆட்டச் சொன்னீங்களே!" என்றேன். விடுவேனா?

பேகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இனிமேல் கழுவாமல் அனுப்ப வேண்டும் என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னதும் அவள் முகம் சுருங்கிப்போனது.

"அழுக்கோடவா? டெல்லியிலேர்ந்து பெரிய மனுசங்க வராங்கன்னு சொல்றே. இந்த வூட்டுப் பொம்பளைக்கு சுத்தமே தெரியலன்னு பேச மாட்டாங்க? என்னால ஆவாது கண்ணு."

"அது அழுக்கில்ல அக்கா. அது இருந்தாத்தான் நுரையீரலுக்கு உசிரு."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பேகம் இறங்கினாள். டெல்லிக்காரர்கள் வந்த அன்று, நான் கட்டிய நூலை அவள் தொடவில்லை. புதுசாக ஒரு வெள்ளை மல் துணி கிழித்து, நனைத்துச் சுற்றி, பெட்டியில் வைத்தாள். வேன் கிளம்பும் வரை முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு நான் கடையைத் திறக்கவில்லை. அறையின் ஓரத்தில் நின்றுகொண்டேன். டெல்லிக்காரரில் ஒருவர் என்னைக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். டாக்டரம்மா பதில் சொன்னதும் மூன்று பேரும் சிரித்தார்கள். "இன்னா சொன்னீங்க?" என்றேன். "கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்காரங்க மாதிரி, இவர் ஆட்டு வீட்டுக்காரர்னு சொன்னேன் பாய்" என்றார்.

பெட்டிக்குள் காற்று போனது. நுரையீரல் மெதுவாக விரிந்தது. ரோஜாப்பூ நிறம். அமுங்கியது, மறுபடி விரிந்தது. ஆயிரக்கணக்கில் ஆடு அறுத்தவன் நான். அறுத்த ஆட்டின் நுரையீரல் மூச்சு வாங்குவதைப் பார்த்தது அன்றுதான்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தேன். நுரையீரல் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. வழக்கமாகக் கல்லாகிப் போகும் நேரம் அது. டாக்டரம்மா சாப்பிடவில்லை, உட்காரவில்லை. புறங்கையால் அதன் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்தேன். ஓரம் பஞ்சாகவே இருந்தது, குழலில் நுரை இல்லை. ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, பிறகு அதுவும் போனது. டெல்லிக்காரர்களில் மூத்தவர் எழுந்து வந்து டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அறை இனி டாக்டரம்மாவுக்கே.

அவர்கள் கார் கிளம்பியதும் டாக்டரம்மா என் நோக்கியா போனை வாங்கி என் வீட்டுக்கு அடித்தார்.

"அக்கா, தண்ணி ஏறல. பொழுது போயும் மூச்சு விடுது."

அந்தப் பக்கம் பேகத்தின் குரல் எனக்கே கேட்டது. "அதெல்லாம் சரி கண்ணு. அழுக்குன்னு யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?"

டாக்டரம்மா போனைப் பொத்திக்கொண்டு, "நீங்களே சொல்லுங்க பாய்" என்று என்னிடம் நீட்டினார்.

"மூணு பேரும் பொட்டிகிட்ட மூஞ்சிய வெச்சிகினு பாத்தாங்க பேகம். ஒருத்தர்கூட மூக்கச் சுளிக்கல."



"அப்ப சரி," என்றாள். "நாளைக்கும் கழுவாமயே அனுப்பறேன்."