ஒழுக வேண்டிய குழாய்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்துக்கு எங்கள் சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றது. நிறுத்தியவன் நான். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு, கவரைப்பேட்டையில் சொந்த வீட்டுக் குழாய் ஒழுகுவது அவமானம். பிளம்பருக்கு இரண்டு மாதம் போன் செய்து அலுத்துப்போய், எல்லோரும் தூங்கும்போது நானே வாஷரை மாற்றிவிட்டுக் காபி கலக்கப் போனேன்.

பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் நோட்டும் கையுமாக வந்து குழாய் முன் நின்றாள். முகம் வெளிறிவிட்டது. ஒன்பது நாளாக நிமிடத்துக்கு எத்தனை சொட்டு, மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று எண்ணி எழுதி வந்திருக்கிறாள். மறுநாள் பள்ளியில் கொடுக்க வேண்டிய ஆய்வு. பத்தாவது நாள் மட்டும் பாக்கி. தினமும் ஆறு மணிக்கே கம்பெனி பஸ் பிடிக்கும் எனக்கு இது தெரியாது.

தொட்டி நிறைந்தால் அழுத்தம் கூடும், சொட்டும் கூடும், பாடத்திலேயே இருப்பதை எண்ணுவானேன் என்று கேட்டுத் தொலைத்தேன்.

“பாடத்துல இருக்கறது நம்ம குழாய்க்குத் தெரியுமாப்பா? நீ பார்த்ததும் சரி பண்ணிடற. நான் இன்னும் பார்த்தே முடிக்கல.”

சொல்லிவிட்டு அழுதாள்.

மறுபடி ஒழுக வைத்துவிடலாம் என்று ஸ்பானரை எடுத்தேன். ஒழுகலை நிறுத்தத்தான் எனக்குச் சம்பளம். ஒழுக வைக்க யாரும் கற்றுத் தரவில்லை. தளர்த்தினால் நூலாக ஓடியது, இறுக்கினால் அடங்கிப்போனது. மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பழைய வாஷர் எங்கே என்று கேட்டதும் அவள்தான்.

எங்கள் கம்பெனி ஸ்டோரில் பழையதைக் கொடுத்தால்தான் புதியது தருவார்கள். அந்தப் பழக்கத்தில் கை தானாக அதைச் சட்டைப் பையில் போட்டிருந்தது! தேய்ந்த ரப்பர் வட்டத்தை நகை மாதிரி எடுத்து மாட்டினேன். சொட். மூவரும் மூச்சடக்கி எண்ணினோம். நாற்பத்தொன்று. இதே அளவு தண்ணீருக்கு முந்தின நாள் நாற்பத்து மூன்று. அதையே போட்டுவிடேன் என்றேன், மகள் முறைத்தாள். நாற்பத்தொன்று என்று எழுதி, பக்கத்தில் ‘இடையில் அப்பா’ என்று குறித்தாள். எழுதும்போதே சிரித்துவிட்டாள். எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் பிளம்பர் வந்தார். நேராகப் போய்க் குழாயில் ஸ்பானரை வைத்தார். மூவரும் பாய்ந்து அவர் கையைப் பிடித்தோம்.

“ரெண்டு மாசமா ஒழுவுது ஒழுவுதுன்னு பேஜாரு பண்ணிக்கினு இருந்தியே சார். வந்தா தொடாதன்ற. அப்போ இன்னாத்துக்குக் கூப்ட்ட?”