பத்து கிலோவுக்குக் கீழே

இலுப்பூர் எடைமேடையில் கோபிநாத் வேலைக்கு உட்கார்ந்துவிட்டால், அந்தக் கூண்டுக்குள் இன்னொருவர் நுழைய முடியாது. நெல் லாரி, ஜல்லி லாரி என்று ஊர் எடையெல்லாம் சொல்லுகிறவர் தன் எடையை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். தங்கமான மனுஷர்தான், பரோட்டா என்றால் மட்டும் உயிரை விடுவார். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லை. ஊர் வழக்கப்படி எல்லாரும் அவர் மனைவி சிவரஞ்சனியைத்தான் குடைந்தார்கள். ஆளாளுக்கு மலைவேம்புச் சாறு கொண்டுவந்து கொடுக்க, அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள்.

டாக்டர் ராஜலட்சுமியோ அவளை விட்டுவிட்டு இவரைப் பிடித்துக்கொண்டார்.

"மூட்டை மேல சாக்பீஸால குறி போடுவாங்கள்ல, எதை இறக்கணும், எதைத் தொடக்கூடாதுன்னு? ஆம்பளையோட விந்தணுவுல இருக்கற மரபணு மேலயும் அப்படிக் குறி இருக்கு. சரக்கு மாறாது. ஆனா ஒடம்பு ரொம்பப் பெருத்தா சில குறி மாறிப்போகுது, பசி சம்பந்தப்பட்ட எடத்துலயும்கூட."

"அது புள்ளைக்கும் போயிருமாம்மா?"

"போகலாம்னு சந்தேகப்படுறாங்க, முழுசாத் தெரியல. ஒடம்பு எளைச்சா குறியும் மாறுதுன்னு பாத்திருக்காங்க. புது விந்தணு ஊற ரெண்டரை மாசமாவது ஆகும். மொதல்ல எடையக் கொறைங்க."

கோபிநாத்தின் அப்பா குழந்தைசாமி சர்க்கரை நோய்க்குக் கால் விரலைப் பறிகொடுத்தவர். அந்தச் சொத்து நம்மோடு நிற்கட்டும், பிள்ளைக்கு வேண்டாம் என்று முடிவு கட்டினார்.

அதன்பின் பரோட்டாக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. விடிந்ததும் அன்னவாசல் ரோட்டில் வேர்க்க விறுவிறுக்க நடந்தார். மருந்துக்கடை மெஷின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. லாரி வராத நேரம் பார்த்துத் தன் எடைமேடையிலேயே ஏறி நின்றார். நூற்றுப் பத்து கிலோ. அடுத்த வாரமும் நூற்றுப் பத்து. ஒரு மாசம் நாக்கைக் கட்டியும் அதே நூற்றுப் பத்து.

மனுஷர் உடைந்துபோய்ப் பரோட்டாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"எம்புள்ளைக்கும் இதான் தலையெழுத்து போல," என்றார்.

சிவரஞ்சனி பொட்டலத்தைப் பிடுங்கினாள். "ஏங்க, அஞ்சு கிலோ கொறையுதுன்னு லாரிக்காரவுக சண்டைக்கு வந்தா என்ன சொல்லுவீங்க?"

"பத்து கிலோவுக்குக் கீழ நம்ம மெஷினுக்குக் கண்ணு தெரியாதுண்ணேன்னு..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சட்டையத் தூக்கிட்டு அரணாக்கயித்தப் பாருங்க."

பார்த்தார். இடுப்புச் சதையில் புதைந்து கிடந்த கயிறு இப்போது தொளதொளவென்று இறங்கிக் கிடந்தது. அவள் சிரித்தபடியே அதை இழுத்துப் புதுசாக ஒரு முடிச்சுப் போட்டாள். பரோட்டா முழுவதையும் அவளே சாப்பிட்டாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் கயிற்றில் பல முடிச்சுகள் விழுந்தன. ஒரு நாள் சோறு கொண்டுவந்தவளை நிறுத்தி, மேடையில் ஏறிக் காட்டினார். தொண்ணூறு. சந்தோஷம் தாங்காமல் அவளையும் கையைப் பிடித்து மேலே ஏற்றினார்.

"ரெண்டு பேருக்கும் சேத்து நூத்தம்பது," என்று லாரிக்குச் சொல்லுகிற அதே குரலில் சொன்னார்.

"ரெண்டு பேரு இல்லங்க, மூணு பேரு," என்றாள் சிவரஞ்சனி.

கோபிநாத் திரும்பத் திரும்பத் திரையைப் பார்த்தார்.

"அங்கிட்டு என்ன பாக்குறீங்க? பத்து கிலோவுக்குக் கீழதான் ஒங்க மெஷினுக்குக் கண்ணு தெரியாதே."