பீலிக்கரைச் சாமியும் மருந்து டாங்கியும்

புள்ளைக்காம்பரா டீச்சர் வேலையில புள்ளைங்க ஒரு தொல்லையே இல்லீங்க, தொல்லையெல்லாம் பெரியவங்கதான். ஊரார் புள்ளைங்களை மேய்ச்ச அனுபவம் இருந்தா நீங்களும் தலையாட்டுவீங்க.

இலங்கையில தெரணியகலைப் பக்கம், தேயிலையும் ரப்பரும் கலந்த தோட்டம். தொண்ணூறுகளின் கடைசி. அம்மாமார் கொழுந்துக்கும் பால்வெட்டுக்கும் போனதும் புள்ளைங்களை நானும் ஆயம்மா பாக்கியமும் பார்த்துக்குவோம். விளையாட ஒரு முற்றம். அதுக்கு மேல் பக்கம் மலைத்தண்ணி கொட்டுற பீலி.

டாங்கி கழுவுற இடம்

புல்லுக்கு மருந்தடிக்கிற ஆளுங்க வேலை முடிஞ்சதும் முதுகு டாங்கியைக் கொண்டாந்து அந்தப் பீலியிலதான் அலசுவாங்க. அலசின தண்ணி நேரா எங்க முற்றத்துக்கு வரும். அந்தச் சேத்துலதான் எங்க புள்ளைங்க ரொட்டி தட்டும். மூணு வயசு செல்விக்குக் கால் ரெண்டும் வெந்து புண்ணாப் போச்சு. ராத்திரியெல்லாம் அழுவுதுன்னு அவ அம்மா சொன்னதும் நான் நேரா பீலிக்கே போயிட்டேன்.

மருந்தாளுங்களுக்குப் பெரியாளு பெரியசாமி அண்ணன். "மேல ஸ்டோர்ல கழுவுங்கண்ணே, அதுக்குத்தானே அங்க தொட்டி கட்டியிருக்கு"ன்னேன். ஸ்டோருக்கு ஏறினா முட்டி வலிக்குமாம். அதோட விட்டாரா?

"டீச்சர், இது புல்லைக் கொல்லுற மருந்து. நம்ம புள்ளைங்க என்ன புல்லா?"

குகை வந்த கதை

சண்டை போட்டு அலுத்துப் போய், புள்ளைங்க சேத்துப் பக்கம் போகாம இருக்க ஏதாச்சும் விளையாட்டுச் சாமான் குடுங்கன்னு ஆபீஸ்ல கேட்டேன். ஸ்டோரைப் பார்த்துக்கிற மாத்தையா தங்கமான சிங்கள மனுஷன், நம்மளை மாதிரியே தமிழ் பேசுவாரு. ஒரு நீல டிரம்மை ரெண்டு பக்கமும் அறுத்து, குகை மாதிரி முற்றத்துல பதிச்சு வச்சாரு. முதல்ல உள்ள பூந்த பயல் தும்மிக்கிட்டே அந்தப் பக்கமா வந்தான். என்னடான்னு நான் தலையை விட்டுப் பார்த்தேன். ஆத்தாடி! ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் டிரம்மு. கண்ணுல தண்ணி கொட்டுது.

உடனே பிடுங்குங்கன்னு கத்தினேன். "இதுல மண்டை ஓடு படம் போட்டிருக்குமே மாத்தையா, பார்க்கலையா?" மனுஷன் முகத்துல ஒரு பெருமை.

"பார்த்தேன் டீச்சர். அதான் அந்தப் பக்கத்தைக் கீழ வச்சுப் புதைச்சேன். புள்ளைங்க பயந்துடும்ல?"

சாமி வந்த கதை

ஒரு திங்கக்கிழமை காலையில பார்த்தா பீலிக்குப் பக்கத்துல ஒரு கல்லு. மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, சிவப்புத் துணி சுத்தியிருந்தது. பாக்கியம் ஒண்ணும் தெரியாத மாதிரி பால்மாவு கரைச்சிக்கிட்டு இருந்தா. விரல் நகமெல்லாம் மஞ்சள்!

அன்னைக்கு டாங்கியோட வந்த பெரியசாமி அண்ணன் செருப்பைக் கழற்றிட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டு, முட்டி வலியையும் மறந்து ஸ்டோருக்கு ஏறிட்டாரு. அன்னையிலிருந்து தினமும் அப்படித்தான். செல்வி காலும் ஆறிடுச்சு. நானும் பாக்கியமும் சமைக்கிற குசினிக்குள்ள போய் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிக்கல. இத்தனை நாளும் சாமி காலடியில விஷத்தைக் கொட்டிட்டோமேன்னு அண்ணனுக்குப் பயம் பிடிச்சிருச்சு. வெள்ளிக்கிழமை பூசை வந்துச்சு, சூலம் வந்துச்சு, முற்றத்தையும் சாமி எடத்தோட சேர்த்துச் சுத்தி வேலியும் வந்துச்சு. நாத்தச் சேத்தையெல்லாம் வெட்டி எடுத்துப் புது மண்ணு போட்டாங்க. நான் கெஞ்சி நடக்காத வேலை! சந்தோஷம் தாங்காம புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஓடினேன். அண்ணன் வேலி வாசல்ல கையை நீட்டி மறிச்சாரு.

"மூக்கு ஒழுகிக்கிட்டுப் புள்ளைங்க இங்க வரக்கூடாது டீச்சர். இது சுத்தமா இருக்க வேண்டிய எடம்."

கடைசியில எங்க புள்ளைங்களுக்கு விளையாட ஒதுக்கினது டாங்கி கழுவுற அதே ஸ்டோருக்குப் பின்பக்கத்தைத்தான். பாக்கியம் மறுநாளே இன்னொரு கல்லு தேட ஆரம்பிச்சிட்டா.