உச்சந்தலையில் ஒரு மேடு

காரைக்குடி செக்காலையில் பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் தேடப்படுகிறவள் சித்ரா. வயது நாற்பத்தாறு. பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பச்சைக் குழந்தையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாள். பிறகு உள்ளங்கையால் தலையை உருட்டிப் பிடித்துவிடுவாள். “சித்ரா கை பட்ட தலை எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும்” என்பார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தன் காலில் கிடந்தவர்கள் என்ற பெருமை ஒன்றே அவள் சொத்து.

அந்தப் பெருமை சுபாவின் மகள் கீர்த்தியால் நொறுங்கியது.

ஏழு மாதத்தில் கீர்த்தியின் தலை முன்னும் பின்னும் நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கிப் படகு போல ஆகிவிட்டது. மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டில் ஆபரேஷன் என்றார்கள். செய்தி கேட்டுச் சென்னையிலிருந்து ஓடிவந்த சுபாவின் நாத்தனார் தேனம்மை, நேராகச் சித்ரா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஏன்டி, தலையைப் பிடிச்சுவிடச் சொன்னா மாவு பிசையிற மாதிரி பிசைஞ்சு வச்சிருக்க?”

“ஆச்சி, அப்படிச் சொல்லாதீக…”

“எங்கிட்ட அழுகாத. மதுரைக்கு வா. டாக்டர் முன்னாடி நின்னு நீ செஞ்சதைச் சொல்லு. அப்புறம் எந்த வீட்டுல உன்னை நம்பிப் பிள்ளையைக் குடுக்குறாகன்னு பாக்குறேன்.”

சித்ரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். யாரிடமும் சொல்லாத ஒன்று அவளுக்குள் கிடந்து அரித்தது. கீர்த்தி பிறந்த பன்னிரண்டாம் நாள், உச்சியிலிருந்து பின்பக்கம்வரை, மடித்துத் தைத்த துணியின் ஓரம் போல ஒரு மேடு விரலில் தட்டியது. அமுக்கினால் அமுங்கிவிடும் என்று நினைத்தாள். தினமும் கொஞ்சம் கூடுதலாக அமுக்கினாள். அமுங்கவில்லை. சொன்னால் ‘உனக்குக் கை போயிருச்சு’ என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டாள்.

காரில் தேனம்மை முன் சீட்டில் இருந்தாள். பின்னால் சித்ராவின் பக்கத்தில் சுபா ஜன்னலையே பார்த்தபடி வந்தாள். கீர்த்திக்கு மட்டும் யார் மேலும் கோபமில்லை. தாவி வந்து, திருப்பத்தூர் தாண்டுவதற்குள் சித்ராவின் மடியிலேயே தூங்கிப்போனாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் சௌபர்ணிகா மேஜைமேல் ஒரு வெள்ளை மண்டை ஓட்டை எடுத்து வைத்தார். சித்ரா பதறி, குழந்தையின் கண்ணைப் பொத்தினாள்.

“பயப்படாதீங்க, பிளாஸ்டிக்தான். ஸ்கேன்ல இருக்கிறதை மெஷின்ல அப்படியே அச்செடுத்தது. கீர்த்தி தலை அளவே. முதல்ல இதை அறுத்து, துண்டுகளை மாத்தி அடுக்கிப் பார்ப்போம். எங்க அறுக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சா, பிள்ளை மயக்கத்துல கிடக்கிற நேரம் குறையும்.”

“டாக்டர், இவதான் தலையை அமுக்குனவ” என்றாள் தேனம்மை.

டாக்டர் சித்ராவைப் பார்த்தார். “இதைத் தொட்டுப் பாருங்க.”

சித்ராவின் விரல்கள் வெள்ளைத் தலைமேல் ஊர்ந்தன. கண்கள் தாமாக மூடிக்கொண்டன. உச்சியில் விரல் நின்றது.

“இதேதான் டாக்டர்! பன்னெண்டாம் நாளே தட்டுச்சு. நான்தான் அமுக்குனேன். பிள்ளையை நான்தான் கெடுத்துட்டேன்!” என்று கதறினாள்.

டாக்டர் அந்த ஓட்டைத் திருப்பிப் பிடித்தார். “மத்த எலும்பு சேருற இடத்துல எல்லாம் கோடு தெரியுது பாருங்க. இங்க மட்டும் கோடே இல்ல. அம்மா வயித்துக்குள்ளயே எலும்பு ஒட்டிப்போச்சு. அகலமா வளர வழியில்லாம தலை நீளமா வளருது. யாரு அமுக்கியும் இது வரல. யாரு அமுக்கினாலும் போகாது.”

தேனம்மை தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆனா, அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா மூணு மாசத்துலயே சின்னக் கீறலோட முடிச்சிருக்கலாம்” என்றார் டாக்டர், மெதுவாக.

கைமேல் விழுந்த பழி போனது. வாய்மேல் விழுந்தது எங்கே போகும்? அப்போதுதான் சுபா வாய் திறந்தாள்.

“எனக்கும் தட்டுச்சுக்கா. நீங்க ஒண்ணும் சொல்லலையேன்னு நானும் இருந்துட்டேன்.” அவள் சித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போதெல்லாம் புதிதாகப் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால், எண்ணெய்க்கு முன்னால் ஒற்றை விரலால் பிள்ளையின் உச்சியைத் தடவி, விரல் கண்டதைச் சத்தமாகச் சொல்லிவிடுகிறாள் சித்ரா. அமுக்குவதை அடியோடு விட்டுவிட்டாள்.

புண் ஆறிய பிறகு, குளிப்பாட்டக் கூப்பிட்டு சுபா வீட்டிலிருந்து ஆள் வந்தது. பலகையை எடுத்துப் போட்டவள் தேனம்மை. காதிலிருந்து காதுவரை தழும்போடு கீர்த்தி சித்ராவின் கால்மேல் கிடந்து சிரித்தாள். சித்ராவின் கை அந்தரத்தில் நின்றது.

“என்னடி வேடிக்கை பாக்குற? பிள்ளை குளிருல கிடக்கு. ஊத்து” என்றாள் தேனம்மை.

சித்ரா விரலை வைத்தாள். உச்சியில் மேடு இல்லை. அங்கே முதலில் விழுந்தது வெந்நீர் அல்ல, அவள் கண்ணீர்.