தொண்டையில் நின்ற கோலி

மயிலாப்பூர்க் குளத்தருகே ஓலைக் கொட்டகையில் ஒற்றை மெஷினோடு சோடா போட ஆரம்பித்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. யுத்த காலத்தில் குண்டு விழும் என்று ஊரே மூட்டை கட்டி ஓடியபோதும் என் கடை திறந்திருந்தது. சாந்தோமில் ஓட்டு வீடு, இரண்டு மாட்டு வண்டி, எல்லாம் இந்தக் கையால் வந்தவை. பேச்சுதான் வரவில்லை.

முதல் அறிகுறி, என் மூத்த மகள் ஸ்டெல்லாவின் நிச்சயத்தன்று. தியாகராய நகரில் மாப்பிள்ளை வீட்டில் சம்பந்தி கேட்டார்: "உங்களுக்கு எத்தினி பசங்க?"

தொண்டை அடைத்தது. பக்கத்தில் என் மைத்துனன் அருள்தாஸ், பள்ளிக்கூட வாத்தியார். "மூணு பேரு. மூணும் பொண்ணுங்க" என்று சிரித்தபடி சொன்னான். அதன்பின் சம்பந்தி அவன் பக்கமே திரும்பி உட்கார்ந்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க மாட்டேன்.

எங்கள் மாதா கோயில் சனங்களிடம் ஒரு வழக்கம். பெண்ணின் தகப்பன் வாசலில் நின்று, கல்யாண நாளைத் தன் வாயால் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் அது அழைப்பாகாது. முதல் வீட்டில் கற்கண்டுத் தட்டை நீட்டினேன். வார்த்தை வரவில்லை. தட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த வீட்டம்மா என் மனைவியிடம், "கற்கண்டு நல்லாயிருந்திச்சி. இன்னா விசேஷம்?" என்று கேட்டாளாம்.

"இன்னாய்யா, சோடா கோலி தொண்டைல மாட்டிக்கிச்சா?" என்றாள் மனைவி.

"மாமா, நீங்க கம்முனு ஊட்ல இருங்க" என்றான் அருள்தாஸ். "அழைப்பு நான் பாத்துக்கிறேன். கோயில் வாசல்ல நின்னு வரவேற்கிறதும் நானே."

என் மகளுக்குத் தகப்பன் அவனா? மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "தொண்டைல ஒண்ணுமில்ல. இது நரம்புப் படபடப்பு. நாலு பேர் பார்த்தா மூச்சைப் பிடிச்சிக்கிறீங்க. முதல்ல மூச்சை விடுங்க, அப்புறம் பேசுங்க" என்றார். நரம்புப் படபடப்பு (ஆபத்து இல்லாதபோதும் உடம்பு பதறுவது) மருந்தால் மட்டும் போகாதாம்.

வழியைக் கண்டுபிடித்தது நான். கடையில் சோடா உடைக்கும்போது பாட்டில் வாயில் இருக்கும் கோலியைக் கட்டைவிரலால் அமுக்கினால் காற்று சீறும். அந்தச் சீறலோடு என் மூச்சையும் விட்டேன். உடனே எதிரில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை. முதல் நாள் "வாங்க" மட்டும். பிறகு "வெயில் ஜாஸ்தி." ஒருநாள் வார்த்தை குழறி, வந்தவர் சிரித்துவிட்டார். அடுத்த பாட்டிலை உடைத்து மறுபடி சொன்னேன். உங்களுக்கும் இந்த உபாதை இருந்தால், பெரிய பேச்சில் தொடங்காதீர்கள்.

இருபது நாள் கழித்து அதே வீட்டு வாசலில் நின்றேன். கையில் பாட்டில் இல்லை; வெறும் கட்டைவிரலை அமுக்கி மூச்சை விட்டேன். நாளைச் சொன்னேன். அந்தம்மா, "இந்த வாட்டி கற்கண்டு இல்லியா?" என்றாள். "கல்யாணத்துக்கு வாங்க, தர்றேன்" என்றேன். எனக்கே ஆச்சரியம்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றது நான். சம்பந்தி என் தோளைத் தட்டி, "வாத்தியார் உங்கள நல்லா பழக்கிட்டாரே!" என்றார். அருள்தாஸ் மறுக்கவில்லை. பல் தெரியச் சிரித்தான்.

இன்றும் யாராவது கேள்வி கேட்டால் தொண்டை இறுகத்தான் செய்கிறது. முன்பு அந்த நொடி ஒரு முழுப்பூசை அளவுக்கு நீளும். இப்போது சோடா சீறி அடங்கும் நேரம்தான். கட்டைவிரல் தானாக மடங்குகிறது, மூச்சு வெளியே போகிறது.

டாக்டர் சொன்னது ஒரு வார்த்தை. அதற்கு நன்றி. அருள்தாஸ் சொன்னது, "கம்முனு இருங்க." மீதியைச் செய்தது சோடாக்கடை மிக்கேல். சாந்தோமில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுச் சொல்லட்டும். அருள்தாஸும்தான்.